புழுவைக் கொல்லும் வைரஸ் புற்றுக்கட்டிக்கு மருந்தாகுமா?

கேள்வி இதுதான்: "பயிரைத் தின்னும் புழுக்களைக் கொல்கிற ஒரு வைரஸை வைத்து மனிதர்களின் புற்றுக்கட்டிக்குள் மரபணுவை அனுப்பலாம் என்று படித்தேன். உண்மையா? மனித வைரஸ்களே இத்தனை இருக்கும்போது பூச்சி வைரஸை ஏன் தேடிப்போகிறார்கள்? நமக்கு அதனால் ஆபத்து வராதா? வயலில் தெளிக்கிற என்.பி.வி. என்ற வைரஸ் பூச்சிக்கொல்லியும் இதுவும் ஒன்றுதானா?"

உண்மைதான். ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுச் செல்களிலும், கட்டி வளர்க்கப்பட்ட எலிகளிலும் இந்த முறை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆனால் இந்த வைரஸையே ஊசியில் ஏற்றி மனிதக் கட்டிக்குச் செலுத்தும், அரசு அனுமதி பெற்ற மருந்து என்று எதுவும் இல்லை. முப்பது ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் ஏன் இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். பாகுலோவைரஸ் என்று ஒரு குடும்பம். பெரும்பாலும் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்களைத் தாக்குவது. பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குப் பால்புழு நோய் தெரிந்திருக்கும். புழுவின் உடல் திரவம் வெளுத்துப் பால் போலாகி, தோல் கிழிந்து ஒழுகும். அதைச் செய்வது இந்தக் குடும்பத்து வைரஸ்தான். வயலில் நடப்பது இன்னும் விசித்திரம். நோய்கண்ட புழு செடியின் உச்சிக்கு ஏறிப்போய்த் தலைகீழாகத் தொங்கிச் சாகும். உடல் கரைந்து கீழே உள்ள இலைகள் மேல் சொட்டும். அந்த இலையைத் தின்கிற அடுத்த புழுவுக்கு நோய் தொற்றும்.

ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது ஆட்டோகிராஃபா கலிஃபோர்னிகா என்ற அந்துப்பூச்சியிலிருந்து எடுக்கப்பட்ட வைரஸ். இதன் டிஎன்ஏ வட்டமானது, ஏறக்குறைய 1,34,000 காரமூல இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துகள்) நீளம். வைரஸ் துகள் குச்சி வடிவம். இதற்கு இரண்டு உருவங்கள் உண்டு என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்விக்கு இது தேவைப்படும். ஒன்று, பாலிஹெட்ரின் என்ற புரதம் கட்டிய பலமுகப் படிகத்துக்குள் பொதிந்து கிடக்கும் உருவம்; வெயில், மழையைத் தாக்குப்பிடித்து இலையில் காத்திருப்பது இதுதான். மற்றொன்று, செல்லின் வெளிச்சவ்விலிருந்து மொட்டுவிட்டுப் பிரியும் உருவம். புழுவின் உடலுக்குள் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குப் பரவ இது பயன்படுகிறது. மரபணு சிகிச்சைக்காரர்கள் எடுத்துக்கொள்வது இந்த இரண்டாவது உருவத்தை.

இந்த வைரஸ் மருத்துவத்துக்குள் வந்தது வேறு வாசல் வழியாக. படிகம் கட்டுவதற்காக வைரஸ் பாலிஹெட்ரினை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது. ஆனால் ஆய்வகத் தட்டில் வளரும் செல்களுக்குள் படிகமே தேவையில்லை. அப்படியானால் பாலிஹெட்ரின் மரபணுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நமக்கு வேண்டிய மரபணுவை வைத்தால்? 1983-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் சம்மர்ஸும் கேல் ஸ்மித்தும் அதைச் செய்து, மனித பீட்டா இன்டர்ஃபெரானைப் பூச்சி செல்களிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். மரபணு மாற்றிய வைரஸ் எது, பழைய வைரஸ் எது என்று அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்துத்தான் பிரிப்பார்கள். நுண்ணோக்கியில் பழைய வைரஸ் தொற்றிய செல்களின் உட்கரு முழுக்கப் படிகங்கள் மின்னும். மாற்றிய வைரஸ் தொற்றிய செல்கள் மின்னாமல் வெறிச்சென்று இருக்கும். அந்த மின்னாத புள்ளிகளைத் தேடித் தேடிக் கண் நோகும். பின்னால் பாக்டீரியாவுக்குள்ளேயே முழு வைரஸ் டிஎன்ஏவை வைத்து மாற்றும் முறை வந்த பிறகுதான் அந்த வேலை குறைந்தது.

இந்த வைரஸ் வளரும் எஸ்எஃப்9 என்ற செல் வகை, மக்காச்சோளத்தை அழிக்கும் படைப்புழு இனத்தின் கூட்டுப்புழு சூலகத்திலிருந்து வந்தது. பயிரின் எதிரி மருந்துத் தொழிற்சாலையின் வேலையாளாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் எல்லோரும் இதைப் புரதம் செய்யும் கருவியாக மட்டுமே பார்த்தார்கள். மனித செல்லுக்குள் நுழைந்தாலும் அங்கே இதன் மரபணுக்கள் எதுவும் செய்யாது என்பதுதான் பொதுவான எண்ணம். 1995-இல் ஜெர்மனியில் மைக்கேல் ஸ்ட்ராஸ் குழுவினர், 1996-இல் அமெரிக்காவில் பாய்ஸும் புக்கரும், ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். பூச்சி வைரஸின் சொந்த புரமோட்டருக்கு (மரபணுவை இயக்கிவிடும் சுவிட்ச் போன்ற டிஎன்ஏ துண்டு) பதிலாக, மனித செல் படித்துச் செயல்படுத்தக்கூடிய புரமோட்டரை மரபணுவின் முன்னால் வைத்தார்கள். மனிதக் கல்லீரல் செல்களில் அந்த மரபணு அமோகமாக வேலை செய்தது. கல்லீரல் செல்களுக்கு மட்டும்தான் போகிறது என்று முதலில் நினைத்தார்கள். அப்புறம் பார்த்தால் புராஸ்டேட், மூளை, எலும்பு, ஸ்டெம் செல் என்று பலவகைச் செல்களுக்குள்ளும் நுழைகிறது. ரத்தத்தில் மிதக்கும் வெள்ளணு வகைகளில் மட்டும் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை.

உள்ளே போவது எப்படி என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். மொட்டு வைரஸின் உறையில் ஜிபி64 என்ற புரதம் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். நம் செல்களின் மேற்பரப்பில் ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. வைரஸ் முதலில் அங்கே ஒட்டுகிறது. செல் அதைச் சின்னப் பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. பைக்குள் அமிலம் ஏற ஏற ஜிபி64 வடிவம் மாறி, வைரஸின் உறையையும் பையின் சவ்வையும் ஒன்றாக்கிவிடும். வெளியே விழுந்த குச்சித் துகள் ஆக்டின் இழைகளைத் தன் பின்னால் முளைக்கவைத்து, அந்த உந்தலில் உட்கருவை நோக்கி நகர்கிறது. உட்கருத் துளை வழியாக உள்ளே போய் டிஎன்ஏவை அவிழ்த்துவிடுகிறது. புழு செல்லில் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

வித்தியாசம் இதற்குப் பிறகுதான். வைரஸ் பெருக வேண்டுமென்றால் அதன் மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை பிசகாமல் இயங்க வேண்டும். மனித செல்லில் அந்த வரிசை நடப்பதில்லை. தொடக்க மரபணுக்களில் ஓரிரண்டு லேசாக இயங்கலாம், அதோடு சரி. டிஎன்ஏ நகலெடுப்பு இல்லை, புது வைரஸ் இல்லை. நாம் வைத்த மரபணு மட்டும், நாம் வைத்த புரமோட்டரின் தயவில் இயங்கும்.

பூச்சி வைரஸை ஏன் தேடிப்போகிறார்கள் என்ற கேள்விக்கு இதுதான் முதல் பதில். மனித வைரஸை வெக்டராக, அதாவது மரபணுவைச் சுமந்துபோகும் வாகனமாக மாற்றும்போது, அது பெருகாதபடி சில மரபணுக்களை வெட்டி ஊனப்படுத்துகிறோம். ஊனம் எந்த நேரமும் சரியாகிவிடக்கூடாதே என்ற கவலை உண்டு. இதற்கு அந்தக் கவலை இல்லை, நம் உடல் அதற்கு அந்நிய நாடு. இரண்டாவது, அடினோவைரஸ் போன்றவை நமக்குச் சளி பிடிக்கவைப்பவை. நம்மில் பெரும்பாலோர் உடலில் அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஊசி போட்ட வைரஸில் ஒரு பங்கு வேலையைத் தொடங்குமுன்பே செயலிழக்கும். பாகுலோவைரஸை நம் உடல் அப்படி முன்கூட்டி அறிந்திருப்பதில்லை. முதல் ஊசிக்கு மட்டும்தான் இந்தச் சலுகை என்பதையும் சொல்லிவிட வேண்டும்; ஒருமுறை செலுத்தியதும் இதற்கும் ஆன்டிபாடி உருவாகிவிடும்.

மூன்றாவது காரணம் கொள்ளளவு. எனக்கு இதுதான் மிகக் கவர்ச்சியாகப் படுகிறது. இன்று அதிகம் பேசப்படும் ஏஏவி (அடினோ-துணை வைரஸ் என்ற மிகச் சிறிய வைரஸ்) வெக்டரில் 4,700 காரமூலங்கள் அளவுக்குத்தான் இடம். லென்டிவைரஸில் அதைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. பாகுலோவைரஸிலோ 38,000 காரமூல இணைகளுக்கு மேல் ஏற்றிப் பார்த்துவிட்டார்கள். குச்சி வடிவ ஓடு, சரக்கு கூடினால் தானும் நீண்டுகொள்ளும். ஒரே துகளுக்குள், மரபணுவை வெட்டித் திருத்தும் கிறிஸ்பர் கருவி முழுவதையும், அதன் வழிகாட்டி ஆர்என்ஏக்களையும், பதிலாக ஒட்ட வேண்டிய டிஎன்ஏவையும் சேர்த்து வைக்கலாம். ஏஏவியில் அதே வேலைக்கு இரண்டு மூன்று துகள்களாகப் பிரித்து அனுப்பி, எல்லாம் ஒரே செல்லுக்குப் போய்ச்சேர வேண்டுமே என்று காத்திருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் கட்டியை ஏன் இன்னும் ஒழிக்கவில்லை?

பெருகாது என்பதைப் பெரிய பலமாகச் சொன்னேன். கட்டி என்று வரும்போது அதுவே பலவீனம். ஒரு கிராம் கட்டியில் சுமார் நூறு கோடி செல்கள் என்று தோராயமாகக் கணக்குச் சொல்வார்கள். பெருகாத வைரஸ் துகள் ஒன்று போய்ச்சேர்வது ஒரு செல்லுக்கு மட்டுமே. ஊசி குத்திய இடத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் வரை செல்கள் மரபணுவைப் பெறும்; தள்ளி இருப்பவை பெறாது. வயலில் பத்துக்கு ஒன்பது களையைப் பிடுங்கினாலும் மிச்சமிருக்கும் ஒன்று போதும், அடுத்த மாதம் வயல் பழையபடி ஆகிவிடும். 2015-இல் அமெரிக்காவில் மெலனோமா என்ற தோல் புற்றுக்கு அனுமதி பெற்ற டி-வெக் மருந்தில் இருக்கும் ஹெர்பிஸ் வைரஸ் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது: அது புற்றுச் செல்லுக்குள் பெருகி, செல்லை உடைத்து, அடுத்த செல்லுக்குப் போகும். பாகுலோவைரஸால் அது முடியாது. எனவே இதில் ஏற்றும் மரபணு, தான் விழுந்த செல்லோடு அக்கம்பக்கத்துச் செல்களையும் சேர்த்துக் கவனிப்பதாக இருக்க வேண்டும்.

அப்படி ஒன்று உண்டு. ஹெர்பிஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணு. இதைக் கட்டிச் செல்லுக்குள் வைத்துவிட்டு, நோயாளிக்கு கான்சிக்ளோவிர் என்ற சாதாரண வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுப்பார்கள். அந்த மருந்து தனியாக இருந்தால் நம் செல்களை அதிகம் தொடாது. மரபணு பெற்ற செல்லில் உருவாகும் நொதி அதை நஞ்சாக மாற்றும். டிஎன்ஏ நகலெடுப்பு நின்று செல் சாகும். அந்த நஞ்சு, செல்களுக்கு இடையிலுள்ள இணைப்புத் துளைகள் வழியாகப் பக்கத்துச் செல்லுக்கும் கசியும். அதனால் மரபணு கிடைக்காத செல்களிலும் ஒரு பங்கு சாகும். பகுப்படையாத நரம்புச் செல்களுக்கு இந்த நஞ்சால் பாதிப்புக் குறைவு. எனவேதான் மூளைக் கட்டிகளில் இதை அதிகம் முயன்றார்கள்.

மூளைக் கட்டி ஆய்வில் சிங்கப்பூரில் ஷூ வாங் குழுவினரின் வேலையைத் தனியாகச் சொல்லலாம். கிளையோமா என்பது மூளையின் துணைச் செல்களிலிருந்து எழும் கட்டி. அந்த வகைச் செல்களில் மட்டும் நன்றாக இயங்கும் ஒரு புரமோட்டர் உண்டு, ஜிஎஃப்ஏபி என்ற புரதத்துடையது. அதை வலுப்படுத்தி, அதன் பின்னால் டிஃப்தீரியா நஞ்சின் ஏ துண்டுக்கான மரபணுவை வைத்து, பாகுலோவைரஸில் ஏற்றி, 2006-இல் எலிகளின் மூளைக் கட்டிக்குள் செலுத்தினார்கள். கட்டியின் வளர்ச்சி அடங்கியது. இந்த நஞ்சு எவ்வளவு கொடியது என்றால், செல்லுக்குள் ஒரே ஒரு மூலக்கூறு போனாலும் போதும் என்பார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இப்படிப்பட்ட மரபணுவை ஏற்றிய வைரஸை மனித செல்களில் வளர்த்தால், புரமோட்டர் துளி கசிந்தாலும் வளர்க்கும் செல்லே செத்துவிடும். பூச்சி செல் அந்த மனித புரமோட்டரைப் படிப்பதே இல்லை. எனவே எவ்வளவு கொடிய மரபணுவாக இருந்தாலும் நிம்மதியாக வளர்த்தெடுக்கலாம். பூச்சி வைரஸின் உண்மையான சாமர்த்தியம் இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரிகிறது.

அதே குழு இன்னொரு பூட்டும் போட்டது. இயல்பான மூளைச் செல்களில் நிறைய இருந்து கிளையோமாவில் குறைந்துவிடும் சில மைக்ரோஆர்என்ஏக்கள் (மரபணு இயக்கத்தை அடக்கும் குட்டி ஆர்என்ஏக்கள்) உண்டு. அவை வந்து ஒட்டும் தடங்களை மரபணுவின் வாலில் சேர்த்தார்கள். நல்ல செல்லில் மைக்ரோஆர்என்ஏ ஒட்டி அந்த மரபணுவின் வாயை அடைக்கும். கட்டிச் செல்லில் அடைக்க ஆளில்லை. நரம்பு ஸ்டெம் செல்கள் மூளைக்குள் கட்டியைத் தேடி நகரும் குணம் உள்ளவை என்பதால், தைமிடின் கைனேஸ் மரபணுவை பாகுலோவைரஸ் மூலம் அந்தச் செல்களுக்குள் வைத்து, செல்லையே வாகனமாக அனுப்பியும் பார்த்தார்கள். வைரஸ் உடலுக்குள்ளேயே போகாது, வெளியே தட்டிலேயே அதன் வேலை முடிந்துவிடும். இந்த வழிதான் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மருத்துவமனை வாசலுக்கு வரும் என்பது என் கணிப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

ரத்தம்தான் காரணம்.

1996-லேயே ஸ்ட்ராஸ் குழு இதில் முட்டிக்கொண்டது. தட்டில் கல்லீரல் செல்களுக்குள் அவ்வளவு அழகாகப் போன வைரஸை எலியின் ரத்தத்தில் செலுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வெட்டி எடுக்கப்பட்ட மனிதக் கல்லீரல் துண்டு ஒன்றில், ரத்தத்தைக் கழுவி அகற்றிவிட்டு, வைரஸ் கலந்த திரவத்தைச் சுற்றவிட்டபோது மரபணு செல்களுக்குள் போய் வேலை செய்தது. ஆக, தடுப்பது ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று. அது காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் என்று தெரியவந்தது. ரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் இந்தப் புரதங்கள் அந்நியச் சவ்வைக் கண்டால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடி அதில் ஓட்டை போடும். நம் செல்களின் மேல் சிடி55 போன்ற காவல் புரதங்கள் இருப்பதால் அவை தப்பிக்கின்றன. மனித வைரஸ்கள் பலவும் இதை ஏமாற்றத் தெரிந்துகொண்டிருக்கின்றன. பூச்சி செல்லின் சவ்வைப் போர்த்திக்கொண்டு வருகிற பாகுலோவைரஸுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவுமில்லை. சீக்கிரமே செயலிழந்துபோகிறது.

தீர்வு தேடாமல் இல்லை. 2001-இல் ஜெர்மனியில் ஹூசர், ருடால்ஃப், ஹோஃப்மன் மூவரும் மனிதக் காவல் புரதத்தையே ஜிபி64-உடன் இணைத்து வைரஸின் உறைமேல் நிறுத்தினார்கள்; காம்ப்ளிமென்டைத் தாங்கும் திறன் கூடியது. பாலிமர் பூசிப் பார்த்தவர்கள் உண்டு, காம்ப்ளிமென்டையே தற்காலிகமாக முடக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தவர்கள் உண்டு. எல்லாமே ஓரளவுக்குப் பலன் தந்தன. ரத்தத்தில் செலுத்தினால் எங்கே இருக்கிற கட்டிக்கும் போய்ச்சேரும் என்ற நிலைக்கு எதுவும் வரவில்லை. ரத்தம் குறைவாகப் படும் மூளை, கண் போன்ற இடங்களில் நேரடியாகச் செலுத்துவதே இன்றுவரை நம்பகமான வழி.

எதிரியையே வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரு சோதனையும் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் காங் பாவ் குழு, கிறிஸ்பர் ஏற்றிய பாகுலோவைரஸோடு நுண்ணிய காந்தத் துகள்களைச் சேர்த்தது. எலியின் உடலில் எந்த உறுப்புக்கு வேண்டுமோ அந்த இடத்தில் காந்தப்புலத்தைக் கொடுத்தார்கள். காந்தம் இருக்கும் இடத்தில் வைரஸ் வேகமாகச் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, காம்ப்ளிமென்ட் பிடிப்பதற்குள் தப்பிவிடுகிறது. மற்ற இடங்களில் ரத்தமே அதை முடக்கிவிடுகிறது. வேண்டாத உறுப்பில் மரபணு வேலை செய்யாமல் இருக்க, இயற்கையாகவே ஒரு நிறுத்துவிசை கிடைத்தது. அது கட்டிக்கான சோதனை இல்லை, மரபணுத் திருத்தத்துக்கானது. ஆனாலும் இந்தத் துறையில் வந்த யோசனைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

நோயெதிர்ப்பு என்றால் தொல்லை மட்டும்தானா? கட்டியைப் பொறுத்தவரை அப்படி இல்லை. பாகுலோவைரஸின் டிஎன்ஏவில், பாக்டீரியா டிஎன்ஏவில் இருப்பதுபோல, மெதில் குறியிடப்படாத சிபிஜி துண்டுகள் உண்டு. நம் நோயெதிர்ப்புச் செல்களுக்குள் இருக்கும் டிஎல்ஆர்9 என்ற உணரி அவற்றைப் பார்த்ததும் ஆபத்து என்று கூக்குரல் எழுப்பும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003-இல் எலிகளின் மூக்கில் வெறும் பாகுலோவைரஸைக் கொடுத்துவிட்டு, பிறகு கொல்லும் அளவு இன்ஃப்ளுயன்சா வைரஸைக் கொடுத்தார்கள், எலிகள் பிழைத்தன. 2008-இல் ஹிரோஷி தகாகு குழு, மெலனோமா செல்கள் செலுத்தப்பட்ட எலிகளுக்கு, எந்தச் சிகிச்சை மரபணுவும் ஏற்றாத சாதாரண பாகுலோவைரஸைக் கொடுத்தது. இயற்கைக் கொல்லிச் செல்கள் கிளர்ந்தெழுந்து கட்டியைத் தாக்கின. மரபணுவே வேண்டாம், வைரஸே மருந்து என்பதுபோல.

கட்டிகளில் பல, நோயெதிர்ப்பின் கண்ணில் படாமல் ஒளிந்து வாழ்பவை. அங்கே இப்படி ஒரு சத்தம் போடுபவன் போவது நல்லதுதான். ஆனால் எந்த அளவுக்குச் சத்தம் என்பது மருத்துவர்களைத் தூங்கவிடாத கேள்வி. 1999-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், பிறவி நொதிக் குறைபாட்டுக்கான மரபணு சிகிச்சைச் சோதனையில், 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்தார். அங்கே பயன்பட்டது அடினோவைரஸ். அதற்கு எதிராக உடல் முழுவதும் பொங்கிய நோயெதிர்ப்பே காரணம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, நோயெதிர்ப்பைத் தட்டியெழுப்பும் எந்த வெக்டரையும் ரத்தத்தில் பெரிய அளவில் செலுத்த யாரும் எளிதில் சம்மதிப்பதில்லை. அதுதான் நியாயமும். எனவே "பெருகாது, ஆகவே ஆபத்தில்லை" என்று யாராவது எழுதியிருந்தால் அதைப் பாதி உண்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். தொற்றாகப் பரவாது என்பது சரி. அளவு கூடினால் அழற்சி வரும் என்பதும் சரி.

இன்னொன்று, மரபணு நிலைப்பதில்லை. பாகுலோவைரஸ் டிஎன்ஏ வழக்கமாக நம் குரோமோசோமில் ஒட்டிக்கொள்வதில்லை. ஒன்றிரண்டு வாரங்களில் செயல்பாடு மங்கிவிடும். பிறவி நோய்க்கு இது உதவாது. கட்டியைக் கொல்வதற்கு அதிக நாள் தேவையில்லை என்பதால் இங்கே அது பெரிய குறையில்லை. குரோமோசோமைக் கலைக்காமல் விலகிப்போவது நல்லதும்கூட. சோடியம் பியூட்டிரேட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் தட்டில் வெளிப்பாடு கூடும். நீண்ட நாள் வேண்டுமென்றால் குரோமோசோமில் தாவி ஒட்டும் துண்டுகளைச் சேர்த்துக் கலப்பு வெக்டர் செய்கிறார்கள். தைவானில் யூ-சென் ஹூ குழு அப்படிச் செய்து, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் மரபணுவை எலிகளில் சோதித்திருக்கிறது.

தொழில் பக்கமும் தடை உண்டு. மொட்டு வைரஸின் உறை மெல்லியது. செறிவாக்கச் சுழற்றினாலே ஒரு பங்கு செயலிழக்கும். தூய்மையும் கேள்விக்குறி: 2014-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஆய்வகம், உலகமே பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திவந்த எஸ்எஃப் வகைச் செல்களுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு ராப்டோவைரஸ் குடியிருந்ததைக் கண்டுபிடித்தது. மனிதர்களுக்குத் தீங்கு என்று தெரியவரவில்லை. இருந்தாலும் நிறுவனங்கள் அது இல்லாத செல் வகைகளை உருவாக்கத் தொடங்கின.

வேடிக்கை என்னவென்றால், வெக்டராக வாசலில் நிற்கும் இதே வைரஸ் தொழிற்சாலைக்குள் எப்போதோ போய்விட்டது. கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் செர்வாரிக்ஸ் தடுப்பூசியின் புரதம் பூச்சி செல்லில் பாகுலோவைரஸ் வழியாகச் செய்யப்படுவது. 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, புராஸ்டேட் புற்றுக்கான புரோவெஞ்ச் சிகிச்சையில், நோயாளியின் செல்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் புரதமும் அப்படித்தான். 2012-இல் ஐரோப்பாவில் முதல் மரபணு சிகிச்சையாக அனுமதி பெற்ற கிளைபெராவில் இருந்த ஏஏவி துகள்கள் பூச்சி செல்லில்தான் உருவாக்கப்பட்டன. 2022-இல் அமெரிக்காவில் 35 லட்சம் டாலர் விலையோடு வந்த, ஹீமோஃபிலியா பி என்ற ரத்தம் உறையாத நோய்க்கான ஹெம்ஜெனிக்ஸும் அதே வழிதான். முதலீடு செய்பவர்கள் ஏன் ஏஏவி பக்கம் சாய்ந்தார்கள் என்பதற்கும் இது ஒரு காரணம். பாகுலோவைரஸை வைத்தே ஏஏவியை நிறையச் செய்ய முடிகிறபோது, ரத்தத்தில் தாக்குப்பிடிக்கும் ஏஏவியை விட்டுவிட்டு பாகுலோவைரஸையே ஊசியில் ஏற்ற யார் பணம் போடுவார்கள்? பெரிய மரபணுச் சரக்கு தேவைப்படும் சிகிச்சைகள் வரும்வரை இந்த நிலை மாறாது என்று நினைக்கிறேன். இப்போது யாராவது "பூச்சி வைரஸ் மரபணு சிகிச்சை" என்று காசு கேட்டால், பதிவு செய்யப்பட்ட மருத்துவப் பரிசோதனையா, எந்த நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்தது என்று கேளுங்கள். பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடமே பணம் கேட்டால் அங்கேயே சந்தேகப்படலாம்.

கடைசியாக, வயலில் தெளிக்கும் என்.பி.வி. பற்றி: குடும்பம் ஒன்று, ஆள் வேறு. காய்ப்புழுவுக்குத் தெளிப்பது அந்தப் புழுவுக்கே உரிய வைரஸ். அது படிகத்துக்குள் பொதிந்த முதல் உருவத்தில்தான் கரைசலில் இருக்கும். படிகம் கரைய வேண்டுமானால் புழுவின் குடலில் இருப்பதுபோல் பிஎச் 10-ஐ ஒட்டிய கடும் காரம் வேண்டும். நம் வயிற்றில் இருப்பதோ அமிலம். தப்பித்தவறி உள்ளே இருக்கும் துகள் வெளியே வந்தாலும், படிகத்துக்குள் பொதியும் உருவத்தில் ஜிபி64 கிடையாது. போதாக்குறைக்கு, காய்ப்புழு வைரஸ் சேர்ந்திருக்கும் பிரிவின் மொட்டு உருவத்திலும் ஜிபி64 இல்லை. அது வேறொரு புரதத்தால் பூச்சி செல்லுக்குள் நுழைகிறது. மனித செல்லில் படித்துச் செயல்படுத்தக்கூடிய மரபணுவும் அதில் யாரும் வைக்கவில்லை. எனவே தெளித்த பயிரைத் தின்பதால் மரபணு நமக்குள் ஏறிவிடும் என்ற பயமும் வேண்டாம். அந்தக் கரைசலைக் குடித்தால் கட்டி கரையும் என்று யாராவது கிளப்பிவிட்டால் அதை நம்பவும் வேண்டாம். புழுவின் உடலை நசுக்கி எடுத்த கரைசலில் வைரஸோடு பாக்டீரியாவும் சேர்ந்தே இருக்கும், கிடைப்பது வயிற்றுப்போக்காகத்தான் இருக்கும்.